உள்வாடகையில் அதிகமாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியை, அங்கே குடியிருப்பவரிடமே உள்வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். "உரிமையாளருக்குக் கொடுப்பதில் பாதி" என்று பேசியவர், முழு வாடகையையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

பணத்தைக் கேட்கலாம். ஆனால் வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும். உரிமையாளரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. தவறாக நம்பிக் கொடுத்த பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. தவறு தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கூடுதல் வாடகை என்று தெரிந்தே சம்மதித்திருந்தால் இது எடுபடாது. ஆகவே ‘பாதி’ என்ற பேச்சுக்கு ஆதாரம் வேண்டும்: வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்குப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். (ரசீது கேட்கக் கூச்சப்படுபவர்களைத்தான் இப்படிப்பட்டவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.) அதிகமாகக் கொடுத்ததை மாதவாரியாகக் கணக்கெழுதி, பணத்தைத் திருப்பித்தர 15 நாள் கெடு வைத்து, உள்வாடகைக்கு விட்டவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்.

ஒரு சிக்கல். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. அது இல்லையென்றால் நீங்களும் வீட்டைக் காலி செய்ய நேரலாம். வேறு வீடு பார்த்துக்கொண்டே கடிதம் அனுப்புவது நல்லது. இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.