வாசகர் கேள்வி பதில்: சாயலும் வேண்டும், உயிரும் வேண்டும்

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டு நான் வரையும் முகங்கள் அச்சு அசலாக இருந்தாலும் உயிரில்லை என்கிறார்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நேரில் பார்த்துப் பென்சிலால் விரைந்து வரைந்தால் உயிர் இருக்கிறது, சாயல் தப்பிவிடுகிறது. இரண்டும் கைகூட வழியுண்டா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: சாயல் முழுவதும் கண், மூக்கு, வாயில் அடங்கியிருப்பதாக எண்ணித் தொடங்குவதே இந்தச் சிக்கலுக்குக் காரணம். தெருமுனையில் திரும்பும் உறவினரை, முகம் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே, தலையின் சாய்வையும் கழுத்து தோளில் இறங்கும் விதத்தையும் கொண்டு அடையாளம் கண்டுவிடுகிறோம் அல்லவா? முதலில் அந்தச் சாய்வையும், உச்சி முதல் தாடை வரையிலான உயரத்தையும், நிழல் விழுந்த பெரிய பரப்புகளையும் மட்டும் போடுங்கள். கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறையப் பாதியில் அமைகின்றன. அவசரத்தில் பலரும் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். இமைமுடி கடைசியில் வரட்டும், வராமலே போனாலும் குற்றமில்லை.

எச்.பி. பென்சிலை எழுதுவதுபோல் பிடித்தால் விரல் மட்டுமே அசையும். களிமண் குறைந்து கிராஃபைட் மிகுந்த 4பி அல்லது 6பி பென்சிலைச் சற்றுப் பின்தள்ளிப் பிடித்து, முழங்கையிலிருந்து கையை ஓடவிடுங்கள். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தவறிய மெல்லிய கோட்டின் அருகிலேயே சரியான கோட்டை அழுத்திப் போட்டால், கை தேடிய தடமே பார்ப்பவருக்கு அசைவாகத் தோன்றும்.

பூக்கட்டும் அம்மா உங்களுக்காக அசையாமல் அமர்ந்திருக்க மாட்டார் (வரைவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை). ஆனால் நாரில் முடிச்சிடக் குனிவதும், விலை கேட்பவரை நிமிர்ந்து பார்ப்பதும் மாறி மாறி நிகழும் என்பதால், ஒரே தாளில் குனிந்த முகத்தையும் நிமிர்ந்த முகத்தையும் அருகருகே தொடங்கி, எந்த நிலை திரும்ப வருகிறதோ அதைத் தொடரலாம். உச்சிவெயிலில் கண்குழிகள் இருண்டுவிடும். பக்கவாட்டில் ஒளி விழும் காலைப் பொழுதே உகந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் பயணிகளைப் பென்சிலால் வரைந்து பொருளீட்டிய பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரின் படங்களைத் தேடிப் பாருங்கள். முகத்தை நுணுக்கமாக முடித்துவிட்டு, உடையைச் சில வேகமான கோடுகளோடு விட்டிருப்பார். நீங்கள் கேட்ட இரண்டும் அங்கே ஒரே தாளில் இருக்கின்றன.

கட்டம் போடுவதைச் சில காலம் நிறுத்திவையுங்கள். சந்தையில் வரைந்ததை வீட்டுக்கு வந்து திருத்தாமல், மறுநாள் அதே முகத்தைப் புதிய தாளில் வரையுங்கள்.