மார்கழி மேல பழி போடாதீங்க

நாலு பக்கம் எழுதியிருக்கீங்க அம்மணி. முடி கொட்டுது, குதிகால் வெடிக்குது, கார்த்திகை பொறந்ததுல இருந்து மனசே சரியில்ல, யூடியூப்ல இது குளிர்கால மனச்சோர்வுன்னு சொன்னதைக் கேட்டு அதுக்குன்னு விக்கற லைட்டு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்னு எல்லாம் படிச்சேன். ஆனா கடைசி பக்கத்துல ஒரு வரி எழுதி அடிச்சு விட்டிருக்கீங்க பாருங்க, அடிச்சாலும் எழுத்து தெரியுது: "நான் இல்லாட்டி இவங்கெல்லாம் நிம்மதியா இருப்பாங்களோன்னு தோணுதுங்க". என் பதிலு அந்த வரிக்குத்தான்.

இன்னிக்கு பொழுதோட வீட்டுக்காரர்கிட்டயோ மககிட்டயோ இந்த ஒரு வரிய வாய்விட்டு சொல்லிருங்க. சொல்ல வராட்டி இந்தப் பதிலைப் படிக்கக் குடுங்க. வீட்ல இருக்கற மாத்திரை, தோட்டத்துக்கு அடிக்கற மருந்து ரெண்டையும் அவங்க பூட்டி சாவிய வச்சுக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு நெனப்பு வந்தாலும் 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. நெனப்பு அதிகமாச்சுன்னா தனியா இருக்காதீங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரி போயிருங்க. கடுதாசில போன் நம்பர் இல்ல, இருந்திருந்தா நானே கூப்பிட்டிருப்பேன்.

இனி குளிருக்கு வாரேன். குளிர்கால மனச்சோர்வுன்னு ஒண்ணு நெசமாவே இருக்குதுங்க, தென்னாப்பிரிக்காவுல இருந்து அமெரிக்கா போன நார்மன் ரோசன்தால்ங்கற டாக்டர், குளிர்காலத்துல தனக்கே சோர்வு வர்றதை கவனிச்சவரு, அவரும் கூட இருந்தவங்களும் 1984ல அதை எழுதி பேரும் வச்சாங்க. ஆனா அங்கெல்லாம் சூரியன் எட்டிப்பாத்துட்டு ஓடிரும். லண்டன்ல டிசம்பர் கடைசில பகல் 8 மணி நேரம் கூட இல்ல. நம்ம கோபி பக்கம் அதே நாள்ல சுமார் 11½ மணி நேரம் வெளிச்சம். பனி விலகுனதும் களத்துல போய் நின்னாலே உங்க லைட்டை விட வெளிச்சம் ஜாஸ்தி. அங்கத்த வியாதிக்கு அங்கத்த வீடியோ, அதை இங்க உக்காந்து பாத்துட்டு லைட்டு வாங்குனா எப்படி?

இன்னொண்ணு, அந்த வியாதில பெரும்பாலும் தூக்கம் கூடும், சோறும் இனிப்புமா திங்கத் தோணும், எடை ஏறும். நீங்க எழுதியிருக்கறது நேர் எதிர். வெடியால மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்பறம் தூக்கமே இல்ல, காலைல நெஞ்சு கனமா இருக்குது, சாயங்காலம் கொஞ்சம் தேவல, சோறு எறங்கல, ஜாக்கெட் லூசாயிருச்சு. அப்பறம் போற போக்குல, "இந்த மார்கழி கோலம் கூட பாப்பாதான் போடறா"ன்னு ஒரு வரி. வருசா வருசம் சாணி உருண்டைல பூசணிப்பூ சொருகி வைக்கறவங்க வாசப்பக்கமே போகலேன்னா, அது எனக்கு முடி கொட்டறதை விட பெரிய சேதி. இப்படி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா அதுக்குப் பேரு டிப்ரஷன், மழையோ வெயிலோ எப்பவும் வரும். தை பொறந்தா சரியாயிரும்னு காத்திருக்காதீங்க.

பெரியம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் பைத்தியம் புடிச்சிருமோன்னு கேட்டிருக்கீங்க, நாலு பக்கமும் அந்த பயத்துலதான எழுதியிருக்கீங்க. இது பைத்தியம் இல்லீங்க. குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடும், அம்புட்டுத்தான். மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்குது. மருந்து ஆரம்பிச்சா ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தெரிய ஆரம்பிக்கும், நல்லானதும் விட்டுறாம டாக்டர் சொல்ற வரைக்கும் ஆறு மாசமோ மேலயோ சாப்பிடணும். மாவட்ட தலைமை ஆஸ்பத்திரிலயே மனநல டாக்டர் இருப்பாங்க, சீட்டு போட்டு பாருங்க, ஆரு என்ன சொல்வாங்கன்னு வெசனப்படாதீங்க. அப்படியே தைராய்டு, ரத்த அளவு, பி12, சுகர் பாத்துருங்க, 47 வயசுல தைராய்டு கம்மியானாலும் ஆளை இப்படி படுக்க வச்சிரும்.

இப்ப திட்டு. வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் டாக்டர் எழுதிக்குடுத்து வாரம் ஒண்ணுன்னு சில வாரத்துக்கு சாப்பிடறது. நீங்க பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னாங்கன்னு தினமும் ஒண்ணு பால்ல கலக்கி குடிச்சிட்டு இருக்கீங்க! ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கடைசில கிட்னி வரைக்கும் போகும். இன்னிக்கே நிறுத்திட்டு கால்சியமும், கிட்னிக்கு பாக்கற கிரியாட்டினினும் டெஸ்ட் பண்ணுங்க. மருந்துக்கடைல சீட்டு இல்லாம வாங்குன அல்பிரசோலம்ங்கற பதட்ட மாத்திரை வேற கதை, மூணு வாரமா சாப்பிடறதால அதை நீங்களா சட்டுனு நிறுத்திராதீங்க, அட்டையோட டாக்டர்கிட்ட காட்டுங்க, அவரு சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். சீட்டு இல்லாம அதைக் குடுத்த கடைக்காரரை என்ன சொல்றதுன்னே தெரியல.

குதிகால் வெடிக்கறது பனிக்காலத்து வழக்கம், ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி சாக்ஸ் போட்டு படுங்க, போதும். முடி கொட்டறதை டாக்டர்கிட்டயே சொல்லுங்க. தெனமும் காலைல வெயில் வந்ததும் பாப்பாவை கூட்டிட்டு வாய்க்கால் வரைக்கும் நடங்க, மனசு வரலேன்னாலும் நடங்க, ஆனா டாக்டரை பாக்கறதுக்கு பதிலா இல்ல. அந்த லைட்டுக்கு பில் இருந்தா திருப்பிக் குடுத்துட்டு, அந்தக் காசை ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வர்ற செலவுக்கு வச்சுக்கங்க.