சட்டமன்றத்துக்குப் போக நினைக்கும் ஆசிரியர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலச் சட்டமன்றத்துக்குக் கடைசியாக 2022 நவம்பரில் தேர்தல் நடந்தது. அடுத்ததை எதிர்பார்த்து சுங்கை சிப்புட் வட்டாரத்து ஆசிரியர்கள் சிலரும் அவர்கள் வீட்டாரும் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். இங்குள்ள லிந்தாங், ஜாலோங் தொகுதிகளை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

எனக்கு 43 வயது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சியில் வற்புறுத்துகிறார்கள். வேலையில் இருந்துகொண்டே நிற்கலாமா?

முடியாது. முழுநேர அரசுப் பணி ஆதாயப் பதவி (அரசிடம் சம்பளம் பெறும் பதவி) என்பதால், அதில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தகுதியில்லை. வேட்புமனு நாளுக்கு முன்பே பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

எப்படி விலகுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் ஓய்வூதியம் போய்விடும். 40 வயதைத் தாண்டிய நீங்கள் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியம் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆனாலும் உரிமை நிலைக்கும். ஆனால் அந்த விண்ணப்பம் ஒரே நாளில் முடியாது. கட்சிகளோ வேட்பாளர் பெயரைக் கடைசி நேரத்தில்தான் சொல்லும், மாற்றவும் மாற்றும். மேடையில் ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னதை நம்பி, பல வருட வேலையை விட்டுவிடாதீர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து தெளிவான பதில் வாங்குங்கள்.

இன்னும் பணியில் இருக்கிறேன். கட்சிக் கூட்டத்தில் பேசலாமா?

பேசாதீர்கள். 1993ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிமுறைகள் இதில் கறாரானவை. நிர்வாக, தொழில்முறைப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தடை இன்னும் இறுக்கமானது. உங்கள் தரத்துக்கு எது பொருந்தும் என்று துறைக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் பிரசாரச் செய்தியும் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

எவ்வளவு பணம் வேண்டும்?

சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி (ரிங்கிட்). பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் அது போய்விடும். செலவுக்கு உச்சவரம்பு 1,00,000 வெள்ளி. தேர்தல் முடிந்ததும் செலவுக் கணக்கைக் காலத்தோடு ஒப்படைக்க வேண்டும். தவறினால் பிறகு போட்டியிடும் தகுதிக்கே ஆபத்து.

வேட்புமனுவில் எதற்குக் கவனமாக இருக்க வேண்டும்?

அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். நீங்கள் அந்த மாநிலத்தில் வசித்தால் போதும்.

2018இல் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ் தொகுதியில் நடந்ததை நினைவில் வையுங்கள். போட்டியிட வந்த டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி நுழைவு அட்டை இல்லையென்று மனுத்தாக்கல் மையத்துக்குள் விடப்படவில்லை. எதிர்த்தரப்பின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ததால் 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்தது. ஆனாலும் முகமட் ஹசானே ஜெயித்தார். மனுத்தாக்கலுக்குக் கிடைப்பது காலையில் ஒரு மணி நேரம்தான். அட்டை, படிவம், ரசீது எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.

எங்கள் பள்ளி செம்பனைத் தோட்டத்துக்குள், தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் இருக்கிறது. நான் சட்டமன்றம் போனால் அரசின் முழு உதவி பெறும் பள்ளியாக மாற்றலாமா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்று சொல்லலாம். கல்வி கூட்டரசின் பொறுப்பு. ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், பள்ளியின் தகுதி எதுவும் சட்டமன்றத்தின் கையில் இல்லை. வகுப்பறையைச் சரிசெய்யத்தான் அரசியலுக்கு வருகிறீர்கள் என்றால் ஏமாற்றம் நிச்சயம்.

ஆனால் நிலம் மாநிலத்தின் கையில். இது சாதாரண விஷயம் இல்லை. தோட்டத்தை விற்று வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ மாற்ற, நிலப் பயன்பாட்டை மாற்றும் அனுமதி மாநில அரசிடமிருந்துதான் வர வேண்டும். பள்ளிக்கு இத்தனை ஏக்கர், கோயிலுக்கு இந்த இடம், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு மாற்று வீடு என்று நிபந்தனை போட வைக்க வேண்டிய நேரம் அதுதான். அனுமதி கொடுத்தபின் போராடினால், மேம்பாட்டு நிறுவனத்தின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான். நம் தோட்டங்கள் பலவற்றில் நடந்தது இதுவே, அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

ஆகவே இன்றே மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், பள்ளி நிற்கும் நிலத்தின் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில், என்ன பயன்பாட்டுக்கு என்று பாருங்கள். உறுப்பினரானபின் அதே விவரத்தோடு சபையில் கேள்வி கேளுங்கள். அரசு தரும் பதில் அதிகாரபூர்வ ஏட்டில் பதிவாகும், பிறகு மறுக்க முடியாது. ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களில் நம்மவர்கள் நிலமில்லாமல் நின்றதால்தான்.

பணமும் தரலாம். 2008க்குப் பிறகு சிலாங்கூர், பினாங்கு மாநில அரசுகள் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்துள்ளன. பேராக்கிலும் கேட்கலாம்.

கணவர் ஆசிரியர், நிற்கப் போவதாகச் சொல்கிறார். தோற்றால் பழைய வேலை திரும்பக் கிடைக்குமா அண்ணா?

கிடைக்கும் என்று எண்ணாதீர்கள், அம்மா. விலகிய பிறகு அந்த இடத்தைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. வீட்டுக் கடன் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்றால், கடிதம் கொடுக்கும் முன்பே கடன் அலுவலகத்தில் பேசுங்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவு உட்பட ஓராண்டுக்கான குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இறங்கட்டும். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டபின் சரி என்று நீங்கள் சொன்னால் மட்டும் அவர் கட்சிக்குப் பதில் சொல்லட்டும்.