லண்டன் - டோக்கியோ: போக 22 மணி, வர 6 மணியா?

லண்டனிலிருந்து டோக்கியோ போக 22 மணி நேரம், திரும்பி வர 6 மணி நேரம் என்று டிக்கெட் காட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட்டில் தப்பு இல்லை நண்பரே, பதற வேண்டாம். அதில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் டோக்கியோ லண்டனைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடும். காலை 9:30-க்குக் கிளம்பி மறுநாள் 7:30-க்கு இறங்கினால் கணக்குக்கு 22 மணி. அதில் 8 போனால் 14. திரும்பும்போது 9:45-க்கு ஏறி அதே நாள் மாலை 4 மணிக்கு இறங்குகிறீர்கள். அந்த ஆறேகால் மணியோடு 8-ஐக் கூட்டுங்கள், பதினாலேகால் வந்துவிடும்.

அப்புறம், 9,600 கிலோமீட்டரை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, சுமார் பத்தே முக்கால் மணி நேரம்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். அது உலக உருண்டையில் நூல் பிடித்த தூரம். அந்த நூல் பெரும்பாலும் ரஷ்யா மேலேயே போகிறது. 2022-க்கு முன்னால் அப்படியே பறந்து சுமார் 12 மணி நேரத்தில் சேர்த்துவிடுவார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் அந்த வான்வழியில் போவதில்லை. போகும்போது துருக்கி, காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா என்று தெற்கே சுற்றுகிறார்கள். வரும்போது எதிர்க்காற்றைத் தவிர்க்க, பல விமானங்கள் பசிபிக் பக்கம் திரும்பி அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாக வருகின்றன. ஜன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்!

உங்கள் பயணத் திட்டத்தில், டோக்கியோவில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் ஒசாகா விமானம் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் அங்கேயே முடிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.