காவலுக்குக் கூலி யார் தருவது?

அன்புள்ள ஐயா,

பொருளியல் முதுகலை மாணவன் நான். அமேசான் மழைக்காட்டு ஏரிகளில் அரபைமா மீனைப் பற்றி லியாண்ட்ரோ காஸ்டெல்லோ செய்த ஆய்வுகளை வைத்து ஆய்வேடு எழுதுகிறேன். பிடிக்கிற மீனவரே எண்ணிச் சொல்ல, அதன்படி அரசு அனுமதி கொடுப்பது திருடன் கையில் சாவியைக் கொடுப்பதுதானே? முழுத்தடை போதாதா? கார்பன் வர்த்தகப் பணத்தில் மீனவருக்கு ஈடு கட்டலாமா? எந்தக் கோட்பாட்டை வைத்து எழுதலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மீனுக்காக இவ்வளவு வாசித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கார்பன் வர்த்தகத்தை இப்போது விடுங்கள், ஏரிமீன் கணக்கு அதில் வராது. கோட்பாட்டைக் கடைசியில் பார்க்கலாம்.

ஆனால் 'திருடன்' என்று எந்தத் துணிவில் எழுதினீர்கள்? பிரேசிலின் அமசோனாஸ் மாநிலத்தில் 1996இல் அரபைமா பிடிக்கத் தடை வந்தது. அதன் பிறகும் மீன் களவாக விற்றுக்கொண்டுதான் இருந்தது. வெள்ளக் காலத்தில் பத்து மீட்டருக்கு மேல் நீர் ஏறி ஏரியும் காடும் ஒன்றாகிவிடும் நிலம் அது. அங்கே எத்தனை அதிகாரிகளை நிறுத்துவீர்கள்?

அந்த மீன் காற்றை விழுங்க மேலே வந்தாக வேண்டும். எண்ணும் முறை அதிலிருந்துதான் பிறந்தது. நீர் வற்றிய மாதங்களில் எண்ணுவார்கள். ஓர் ஆளுக்கு இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாத பரப்பு, இருபது நிமிடம். ஒரு மீட்டருக்குக் குறைந்ததைச் சேர்ப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இளமீன், அதற்கு மேல் முதிர்ந்தது. மேலே வரும் சத்தத்தையும் நீரின் அசைவையும் வைத்துப் பிரிப்பார்கள். பெரிய ஏரியில் பலர் பக்கம் பக்கமாக நின்று ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஒரே மீன் இருவர் கணக்கில் ஏறும். நேரம் நீண்டால் ஒருவர் கணக்கிலேயே இருமுறை ஏறும். காற்றடித்தாலும் மிதக்கும் புல் மூடியிருந்தாலும் கணக்கு பிசகும். எல்லா மீனவருக்கும் இது கைவராது. காஸ்டெல்லோ, தேர்ந்த மீனவரின் எண்ணிக்கையை, மீனுக்கு அடையாளமிட்டு நீரில் விட்டு மறுபடி பிடித்துக் கணிக்கும் முறையோடு ஒப்பிட்டார். இரண்டும் மிக நெருங்கி வந்தன. 2004இல் அதை வெளியிட்டார்.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பிரேசில் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபாமா ஆண்டுதோறும் அனுமதி தருகிறது. முதிர்ந்த மீனில் 30 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. ஒன்றரை மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. டிசம்பர் முதல் மே வரை இனப்பெருக்கக் காலம், வலை இறங்காது. பிடித்த ஒவ்வொரு மீனுக்கும் எண்ணிட்ட முத்திரை உண்டு. மீனவர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் அவர் பிடிக்கும் பங்கு இந்த ஆண்டு கூடும், ஏரி சில ஆண்டுகளில் காலியாகும். அந்த ஏரியை நம்பித்தான் அவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதே மாநிலத்து மமிராவா காப்பகத்தில் 1999இல் அனுமதியோடு பிடிக்கத் தொடங்கினார்கள். 2006க்குள் மீன் ஏறக்குறைய ஒன்பது மடங்கு பெருகியது. இவர்களையா திருடர் என்றீர்கள்?

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைத்தான் நான் இந்த நாட்களில் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காவல். அமேசானில் கலக்கும் ஜுருவா ஆற்றில் காம்போஸ் சில்வாவும் கார்லோஸ் பெரஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஊர் காத்த ஏரியில் சராசரியாக 305 அரபைமா, திறந்து கிடந்த ஏரியில் 9. அந்த 305ஐ வெறும் சட்டம் தரவில்லை. ஏரி வாயில் மிதக்கும் குடிசையில் இரவெல்லாம் விழித்திருந்த மனிதர்கள் தந்தார்கள். மீன் விற்பது ஆண்டில் சில வாரம், காவலோ ஆண்டு முழுவதும். அந்த இரவுகளின் கூலி மீன் விலையில் இல்லை. களவு மீனுக்குக் காவல் செலவும் கிடையாது, முத்திரைக் கெடுபிடியும் கிடையாது. அதனால் அது மலிவாக விற்று, நேர்மையான மீனின் விலையையும் இழுத்துக் கீழே தள்ளுகிறது. உயிராபத்து வேறு. 2022இல் அதே மாநிலத்தில், பெரு எல்லையை ஒட்டிய ஜவாரி பள்ளத்தாக்கில் புருனோ பெரேராவும் செய்தியாளர் டாம் பிலிப்ஸும் கொல்லப்பட்டார்கள். களவு மீன்பிடியைத் தடுக்கப் பழங்குடியினர் நடத்திய ரோந்துக்குத் துணைநின்றவர் பெரேரா. பொருளியல் படிக்கிற நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். கேட்கவில்லை. அது எனக்கு வருத்தம்.

ஆய்வேட்டில் செலவுப் பட்டியல் போடுவீர்கள் அல்லவா? வலை, ஐஸ், எரிபொருள், படகு என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எத்தனை பேர், எத்தனை இரவு, அந்த ஊரின் நாட்கூலி எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அதை மீன் வருமானத்திலிருந்து கழியுங்கள். பற்றாக்குறை விழுந்தால், அதை மானாஸ் நகரத்து வியாபாரி தர வேண்டுமா, உண்கிறவர் தர வேண்டுமா, அரசு தர வேண்டுமா என்று வாதிடுங்கள். கோட்பாடு அந்த இடத்தில் தானே வந்து சேரும். பட்டியல் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள்.