மெயிலில் யூசர்நேம் சரியா? முழு முகவரியைப் போடுங்கள்

மண்ணடி தம்பு செட்டி தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: “எங்கள் டொமைனைப் போன மாதம் வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். பழைய சர்வரில் யூசர்நேம் இடத்தில் ‘டாக்ஸ்’, ‘அக்கவுண்ட்ஸ்’ என்று சுருக்கமாகப் போட்டாலே போதும். புதியதில் பாஸ்வேர்டு தவறு என்று வருகிறது. ஆறு கம்ப்யூட்டர், நான்கு போன், ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் ஒரு பழைய ஸ்கேனர் இருக்கின்றன. சுருக்கப் பெயரை ஏற்கும்படி சர்வரிலேயே வைக்க முடியுமா? சரியாகப் போட்டவர்களுக்கும் நடுநடுவே மெயில் நின்றுவிடுகிறது, அது ஏன்?”

உங்கள் தெருவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் பத்து ஆபீஸ். கூரியர் பையன் வாட்ச்மேனிடம் வந்து “அக்கவுண்ட்ஸ்காரருக்குத் தபால்” என்று மட்டும் சொன்னால் எந்த மாடிக்கு அனுப்புவார்? ஷேர்டு ஹோஸ்டிங்கும் அப்படித்தான். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்கள்) இருக்கும், அவற்றில் பலவற்றில் ‘அக்கவுண்ட்ஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதனால்தான் அது ‘அக்கவுண்ட்ஸ்@கம்பெனி.காம்’ என்பது போல முழு முகவரியைக் கேட்கிறது. உங்கள் பழைய சர்வரில் அநேகமாக உங்கள் டொமைன் ஒன்றுதான் இருந்திருக்கும். அங்கே சுருக்கப் பெயரில் குழப்பத்துக்கு இடமில்லை.

பிளெஸ்க் போன்ற சில கண்ட்ரோல் பேனல்களில் (சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்களில்) சுருக்கப் பெயரையும் அனுமதிக்க ஒரு தேர்வு உண்டு. ஆனால் அது சர்வர் முழுவதற்குமான அமைப்பு, ஹோஸ்டிங் நிறுவனத்தின் கையில் இருப்பது. உங்களுக்காக அதை மாற்றித் தரமாட்டார்கள், மாற்றவும் கூடாது. எனவே எல்லா இடத்திலும் முழு முகவரியைப் போடுவதுதான் சரி. பதினோரு கருவிகளுக்கும் சேர்த்து ஒரு மதிய வேலை.

‘பாஸ்வேர்டு தவறு’ என்ற செய்தியை நம்பி பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பெயர் தவறா, பாஸ்வேர்டு தவறா என்று சர்வர் வேண்டுமென்றே பிரித்துச் சொல்வதில்லை. சொன்னால் எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். முதலில் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து, முழு முகவரியும் பாஸ்வேர்டும் போட்டுப் பாருங்கள். அங்கே திறந்தால் சர்வரில் கோளாறு இல்லை, உங்கள் கருவியில் போட்டிருப்பதுதான் தவறு.

அவுட்லுக்கில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மெயில் வாங்குவதற்கு ஒரு யூசர்நேம், அனுப்புவதற்கு ஒரு யூசர்நேம் என்று தனித்தனியாக இருக்கும். வாங்குவதில் முழு முகவரியை மாற்றிவிட்டு, அனுப்பும் பக்கத்தில் பழைய ‘டாக்ஸ்’ அப்படியே கிடந்தால் மெயில் வரும், போகாது. அவுட்கோயிங் சர்வர் பகுதியில் ‘இன்கமிங் சர்வரின் அதே அமைப்பு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனில் இன்னொரு தொல்லை: கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், கடைசியில் ஒரு இடைவெளியையும் ஒட்டிவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. முகவரியை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

சரி, சரியாகப் போட்டவர்களுக்கும் ஏன் நின்றுவிடுகிறது? உங்கள் ஆபீஸின் எல்லாக் கருவிகளும் ஒரே பிராட்பேண்ட் வழியாக, ஒரே ஐபி முகவரியில்தான் வெளியே போகின்றன. மூலையில் இருக்கும் ஒரு போன் பழைய பெயரோடு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். தவறுகள் ஒரு எண்ணிக்கையைத் தாண்டியதும் சர்வரின் பாதுகாப்பு அந்த ஐபியையே தடுத்துவிடும். அப்போது ஆபீஸ் முழுவதற்கும் மெயில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தடை விலகும், அந்தப் போன் மறுபடி ஆரம்பிக்கும். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது இன்வாய்ஸ் போகாமல் நிற்பது எவ்வளவு பெரிய கஷ்டம்! இதற்கு ஒரே வழிதான். முதலில் எல்லாக் கருவிகளிலும் அந்த அக்கவுண்ட்டை நிறுத்துங்கள், ஹோஸ்டிங்காரரிடம் உங்கள் ஐபியின் தடையை நீக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்தித் திறங்கள். வேலையை விட்டுப் போனவரின் போனையும் மறக்காதீர்கள். அதற்குப் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றிவிடுவதே நல்லது.

ஸ்கேனரில்தான் மெனக்கெட வேண்டியிருக்கும். சில பழைய இயந்திரங்களின் யூசர்நேம் கட்டத்தில் @ போட முடியாது. உங்கள் சர்வரில் இருப்பது சிபேனல் என்ற கண்ட்ரோல் பேனல் என்றால், @ இருக்கும் இடத்தில் + அல்லது % போட்டும் நுழையலாம்: ‘டாக்ஸ்%கம்பெனி.காம்’ என்பது போல. இது யூசர்நேமுக்கு மட்டும். அனுப்புநர் முகவரியில் @ இருந்தே ஆகவேண்டும். சிலர் சுருக்கமாகப் போட வேண்டும் என்பதற்காக ஹோஸ்டிங் அக்கவுண்ட்டின் பெயரையே ஸ்கேனரில் போடச் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். அது உங்கள் வெப்சைட், மெயில் எல்லாவற்றுக்குமான சாவி.

ஸ்கேனர் காட்டும் பிழை எண்ணையும் பாருங்கள். 535 என்றால் சர்வரை எட்டிவிட்டது, பெயரோ பாஸ்வேர்டோ ஒத்துப்போகவில்லை. 535 வராமல் இணைப்பே கிடைக்கவில்லை என்றால் யூசர்நேமோடு போராடிப் பயனில்லை. முதலில் போர்ட்டை (சர்வரில் நுழையும் வாசலின் எண்ணை) பாருங்கள், அதற்கேற்ற பாதுகாப்பு முறையையும் தேர்ந்தெடுங்கள்: 465-க்கு எஸ்எஸ்எல், 587-க்கு ஸ்டார்ட் டிஎல்எஸ். அப்புறமும் சரியாகவில்லை என்றால் இணைப்பைப் பூட்டும் முறையான டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு இயந்திரத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சிலேயே முறையாகக் கைவிடப்பட்டவை. ஃபர்ம்வேர் (இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் கிடைக்கிறதா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள்.

நாளைக்கே சொந்தமாக விபிஎஸ் (உங்களுக்கென்று தனி வாடகை சர்வர்) எடுத்து, மெயில் பெட்டிகளைக் கவனிக்கும் டோவ்காட், மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள்களைப் போடுகிறீர்கள், அதில் ஒரே டொமைன்தான் என்றால் சுருக்கப் பெயருக்கு வழி உண்டு. டோவ்காட்டில் ‘டிஃபால்ட் ரெல்ம்’ (2.4 பதிப்பு முதல் ‘டிஃபால்ட் டொமைன்’) என்ற அமைப்பில் உங்கள் டொமைனைக் கொடுத்தால், டொமைன் இல்லாமல் வரும் பெயரோடு அதுவே சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக ‘யூசர்நேம் ஃபார்மட்’டில் டொமைனை வெட்டுவது போல் எழுதினால் ஆபத்து. மெயில் பெட்டியின் ஃபோல்டர் பாதையில் டொமைன் பெயர் இருந்தால், பாதை மாறி, காலியான புதுப் பெட்டி உருவாகும். மெயில் எல்லாம் பழைய ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும், ஆனால் ஆபீஸே பதறிப்போகும். எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கும் அமைப்பை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் அனுப்புநரையும் லாகின் பெயரையும் ஒப்பிடும் பட்டியல் வைத்திருந்தால், அதிலும் முழு முகவரிதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாகின் ஆகும், அனுப்பும்போது மறுக்கும்.

ஸ்கேனருக்கு ‘டாக்ஸ்’ பெட்டியைக் கொடுக்காமல் தனியாக ஒரு பெட்டி திறந்து கொடுங்கள். ‘டாக்ஸ்’ பாஸ்வேர்டை மாற்றும்போது ஸ்கேனர் நிற்காது.