நாளை முதல் ஆன்லைன் வகுப்பு என்று கல்லூரி திடீரென அறிவித்தால், பாடம் எடுப்பவர் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

மாணவர் கையில் இருக்கும் டேட்டாவிலிருந்து தொடங்குங்கள். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியதும் சென்னை விடுதி மாணவர்கள் பலர் ஊருக்குப் போய், சிக்னல் கிடைத்த இடத்தில் போனில்தான் பாடம் கேட்டார்கள். 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி கொடுத்தது. வினாடிக்கு 1 மெகாபிட் வீடியோ என்றால் மணிக்கு 450 எம்பி. ஐந்து மணி நேர வகுப்புக்கு அந்த 2 ஜிபி போதாது. 32 கிலோபிட் குரல் மட்டும் போனால் மணிக்கு 15 எம்பிகூட ஆகாது. அதனால் வணக்கம் சொன்னதும் உங்கள் கேமராவை அணைத்துவிடலாம். மாணவரையும் கேமரா போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய.

கணக்கு, சர்க்யூட் போன்ற பாடங்களுக்கு ஸ்லைடு சரிப்படாது. எழுதிக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு அடி உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே இரண்டு ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அதன்மேல் போனைப் பின்கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள். கீழே ஏ4 தாள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல் வேண்டாம். மேஜை விளக்கு இடப்பக்கம் இருந்தால் வலது கை எழுதும் இடத்தில் நிழல் விழாது. முன்கேமராவில் கரும்பலகையைக் காட்டுபவர்கள் எழுத்து இடம் வலமாய் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிகிறதே என்று பதறுவார்கள். அது உங்கள் திரையில் மட்டும்தான், மாணவருக்கு நேராகவே தெரியும்.

போன், லேப்டாப் இரண்டிலும் ஒரே வகுப்புக்குள் வந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். ஒன்றில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்க வேண்டும். மைக்கை மட்டும் அணைத்தால் நிற்காது.

இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், 50 நிமிட பீரியடுக்கு உதவாது. இலவச கூகுள் மீட் 60 நிமிடம் தாங்கும்.

வருகைப்பதிவு ஃபார்ம் லிங்க் வகுப்புக்கு வராதவருக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். அன்று நடத்தியதிலிருந்து ஒரு கேள்வியை அதில் சேருங்கள்.

டிசம்பர் மழைக்கு, ரூட்டர் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட் பார்த்து (பெரும்பாலும் 12) கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட்டும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். தெருவிலுள்ள இணைப்புப் பெட்டிக்கே கரண்ட் போனால் வீட்டில் ரூட்டர் ஓடியும் பயனில்லை. பிராட்பேண்ட் ஒரு கம்பெனி, ஹாட்ஸ்பாட் சிம் வேறு கம்பெனி என்று வையுங்கள். 2023 மிக்ஜாம் புயலில் செல்போன் சிக்னலும் பல பகுதிகளில் போனது. அப்படிப்பட்ட நாளில் நேரலைக்குப் போராடாமல், பத்து நிமிடக் குரல் பதிவும் எழுதிய தாளின் படமும் அனுப்புங்கள். சிக்னல் வந்ததும் இறங்கிவிடும்.